வீட்டு வண்டி விளம்பரத்தில் பதினோரு தப்பு

மார்ச் 3, செவ்வாய்

முதல் வரியே தப்பு.

வண்டி 1994 மாடலாம். ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் உட்கார்ந்துபோய், பஸ்ஸெல்லாம் ஒன்பது மாதம் ஊரைச் சுற்றிக்கொண்டு போன வருஷம் வந்த வண்டி இது. அதே வருஷம்தான் சோப்புக் கம்பெனியை மூடினார்கள். அதே வருஷம்தான் தம்பி உள்ளங்கை அளவு ரேடியோ ஒன்று வாங்கி, இரண்டாம் நாளே அதன் மேல் உட்கார்ந்தான். அது எண்பத்தெட்டு. தொண்ணூற்று நாலு எஞ்சின் மாற்றிய வருஷம். வண்டிக்கு வயது எஞ்சினை வைத்தா?

மகன் காகிதத்தை முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறான். போனிலும் போட்டுவிட்டானாம். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. கிழவனுக்கு எழுத்துத் தெரியாது என்ற தைரியம். நான் சாயங்கால வகுப்புக்குப் போக ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது, டீச்சர் தினமும் தேதி போட்டு எழுதச் சொன்னதால் இது ஐந்தாவது நோட்டு, இதெல்லாம் அவன் கண்ணில் படவில்லை. வெயிலில் நின்று எழுத்துக் கூட்டி, முக்கால் மணி நேரத்தில் முழுக்கப் படித்தேன்.

“விற்பனைக்கு. பழைய குடும்ப கேம்பர் வேன். 1994 மாடல், டீசல். நான்கு பேர் படுக்கலாம். தூக்கும் கூரை, புதிய துணி. தண்ணீர்த் தொட்டி, சிங்க், அலமாரி. கேஸ் அடுப்பு, சிலிண்டர் பெட்டியுடன். அனைத்தும் நல்ல நிலையில்.”

பதினோரு தப்பு எண்ணினேன்.

மார்ச் 4, புதன்

“யாரைக் கேட்டுடா ஒட்டினே?”

“அப்பா, ஆறு வருஷமா நின்ன இடத்துலயே நிக்குது. நகராட்சிக்காரன் ரெண்டு தடவ நோட்டீஸ் குடுத்துட்டான். அது வண்டியே இல்லப்பா, பூனைங்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி.”

உள்ளே மருமகள் சிரித்தாள். பூனை இரண்டு தடவை குட்டி போட்டது உண்மைதான். அதற்காக?

“விக்கிறதுன்னா வித்துத் தொலை. உள்ளதை உள்ளபடி போடு.”

“சரி சொல்லுங்க, மாத்திடறேன்.”

சொன்னேன். நாலு பேர் இல்லை, ஐந்து பேர் படுக்கலாம். கூரையைத் தூக்கினால் மேலே இரண்டு, பின் சீட்டை விரித்தால் இரண்டு, பக்கத்துப் பெஞ்சில் ஒன்று. பெஞ்சு அம்மாவின் அளவுக்கு நான் தைத்தது, உயரமானவன் படுத்தால் கால் வாசல் வரை வரும். கூரைத் துணி புதியது இல்லை, பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இரட்டைத் தையல், ஒரு சொட்டு ஒழுகாது. தொட்டி நாற்பது லிட்டர். காலால் மிதித்தால் குழாயில் தண்ணீர் வரும், மூன்றாம் மிதியில்தான் வரும், முதல் இரண்டுக்கு இருமும். மேஜையின் ஒற்றைக்கால் கழன்று அலமாரிக்குள் நிற்கிறது. முன் சீட்டு பின்பக்கம் திரும்பும். பக்கத்துக் கதவை மேலே தூக்கிக்கொண்டே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் முறைத்துக்கொண்டு நிற்கும். மீட்டர் ஒரு சுற்று முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து வந்தது. அதைப் போடாமல் விட்டால் திருட்டுத்தனம்.

எல்லாம் எழுதிக்கொண்டான்.

“கேஸ் அடுப்பு வரியை அடி.”

“அடுப்பு இருக்கேப்பா.”

“அடின்னா அடிடா.”

மார்ச் 6, வெள்ளி

அடிக்கவில்லை. அடுப்பு இருந்தால்தான் ஆள் வருவார்களாம்.

அவனுக்கு என்ன தெரியும்? அவன் பிறப்பதற்கு முந்தின வருஷம் நடந்தது அது. எனக்கு அன்று யார் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்பது வரை தெரியும்.

நானும் தம்பியும் சேர்ந்து வண்டிச் சீட்டு தைக்கும் கடை வைத்திருந்தோம். வருஷத்தில் பத்து நாள் கடையைப் பூட்டுவோம், வண்டி கிளம்பும். அந்தத் தடவை ஒரு ஏரிக்கரையில் நிறுத்தினோம். நான், என் மனைவி, அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி. அவளைத் தம்பி ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவான், ஆள் அவ்வளவு ஒல்லி, பேச்சும் அப்படித்தான் இறங்கும். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

முந்தின நாள் கடைசியாக அடுப்பைத் தொட்டவள் அவள். விடிந்ததும் அம்மாவுக்கு வெந்நீர் வைக்கத் தம்பி தீக்குச்சி கிழித்தான். தரையோடு தரையாக நீலமாக ஓடியது நெருப்பு. அம்மா படுத்திருந்த பெஞ்சு மெத்தை பற்றிக்கொண்டது. தம்பி அம்மாவை வெளியே தள்ளிவிட்டு, எரிகிற ரெக்சினை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தான். ரெக்சின் எரிந்தால் உருகும். உருகினால் ஒட்டும். விரல் பத்தும் இருந்தன, ஒன்றும் மடங்கவில்லை. சீட்டு தைக்கிறவனுக்கு மடங்காத விரல் எதற்கு?

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“அடுப்புக் குமிழை மூடாம படுத்தவ நீதானே?”

“மூடினேன் மாமா. ரெண்டு தடவ திருகிப் பார்த்தேன்.”

“பொய் பேசாத. என் தம்பி கையைத் தின்னவ நீ.”

அங்கேயே வராந்தாக் கட்டிலில் கிடந்த தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அப்பா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. அன்றைக்கே அந்தச் சிலிண்டர் பெட்டிக்கு நாலு போல்ட் போட்டு முடுக்கினேன். அதற்கப்புறம் வண்டியில் கரண்ட் அடுப்புதான்.

தம்பி சாகிறவரைக்கும், இருபத்தொன்பது வருஷம், என் வீட்டில் இருந்தான். சட்டைப் பொத்தானை நானோ என் மனைவியோ போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பொத்தானுக்கும் அவளைத் திட்டியிருக்கிறேன். இன்றைக்கும் சொல்வேன். அவள்தான்.

மார்ச் 8, ஞாயிறு

ஒருவன் வந்தான். கேஸ் குழாய் பொருத்துகிற வேலையாம். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பிள்ளைகள் நேராகக் கூரைப் படுக்கைக்கு ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றன. அவன் எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தையலைத் தடவிப் பார்த்தான்.

“யாரு தச்சது?”

“நான்தான்.”

“மெஷின்ல தச்ச மாதிரி இருக்கு பெரியவரே.”

“மெஷின்லதான் தச்சேன். பின்ன பல்லாலயா?”

சிரித்தான். நல்லவன்தான் போல. அப்புறம் குனிந்து போல்ட்டைப் பார்த்தான்.

“இந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறக்கணுமே.”

“முடியாது.”

“அடுப்பு போட்டிருக்கீங்களே விளம்பரத்துல. பிள்ளைங்களோட போற வண்டி. குழாய், மூட்டு எல்லாம் பார்க்காம எப்படி—”

“அடுப்பு கிடையாது. விளம்பரம் போட்டவன் மடையன். உனக்கு வேணும்னா வாங்கு, இல்லாட்டி கிளம்பு!”

தெருவே பார்த்தது. மகன் அவனைத் தனியே கூட்டிக்கொண்டு போய் என்னமோ சொன்னான். ‘வயசாயிடுச்சு’ என்றுதான் சொல்லியிருப்பான். வாய் அசைந்ததைப் பார்த்தேன்.

மார்ச் 9, திங்கள்

மகனோடு பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை. அதையும் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

டீச்சருக்குக் காய்ச்சல், வகுப்பு இல்லை. பாதி வழியில் திரும்பினேன். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

வண்டிக் கதவு திறந்து கிடந்தது. என் நாலு போல்ட்டும் செய்தித்தாள் மேல் வரிசையாக இருந்தன. குழாய்க்காரன் குப்புறப் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். மகன் என்னைப் பார்த்ததும் ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“நான் வகுப்புக்குப் போற நேரம் பார்த்துத் தொறக்கிறீங்களா? திருட்டுப் பசங்களா!”

“கோவிச்சுக்காதீங்க பெரியவரே,” குழாய்க்காரன் எழுந்திருக்கவே இல்லை. “இந்த வண்டி என்னைக்கோ தீப்பிடிச்சிருக்கு.”

“தெரியும். குமிழைத் திறந்து போட்டுட்டுப் படுத்தா பிடிக்காதா?”

“குமிழா? குமிழ் இல்ல. இங்க வந்து பாருங்க. பெட்டிக்குள்ள அடி மூலையிலதான் கரி அப்பியிருக்கு. சிலிண்டர் மூட்டுல மெல்லக் கசிஞ்சிருக்கு. அடுப்பை யாரு எத்தனை தடவ மூடினாலும் இந்தக் கசிவு நிக்காது.”

குனிந்து பார்த்தேன். கரிதான்.

“கசிஞ்சாலும் மோசம் இல்ல. இந்த கேஸ் காத்தை விடக் கனம், கீழதான் இறங்கும். அதுக்குத்தான் பெட்டிக்கு அடியில வண்டி கட்டினவன் ஒரு ஓட்டை விட்டிருப்பான், எல்லாம் வெளிய போயிடும். இதுல எவனோ ஒரு முட்டாப்பய பலகை வச்சு அடைச்சிருக்கான். எட்டு ஸ்க்ரூ! மேல ரெக்சின் வேற!”

முட்டாப்பய நின்றுகொண்டிருந்தேன்.

பலகையை நெம்பி எடுத்தான். மேல்பக்கம் உருகிக் கட்டிதட்டியிருந்தது. அடியில் கைமுட்டி நுழைகிற ஓட்டை, தெரு மண் தெரிந்தது. ஓட்டையின் ஓரம் ஒரு மஞ்சள் காகிதம், சிவப்பு எழுத்து. பலகை மூடிக் காத்ததால் ஒரு தீற்றல் கூட இல்லாமல், நேற்று ஒட்டியது மாதிரி.

அவன் படிக்க வாயெடுத்தான். “நீ படிக்காத,” என்றேன். மண்டி போட்டேன். டார்ச்சை வாங்கிக்கொண்டேன்.

இத்-துளை-யை அடைக்-கா-தீர். வாயு கசிந்-தால் இதன் வழியே வெளி-யே-றும்.

படித்து முடித்து, டார்ச்சை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

அந்தப் பயணம் கிளம்புகிற அன்று காலை நான்தான் அடைத்தேன். அம்மாவின் பெஞ்சுக்குப் பக்கம் அந்தப் பெட்டி. மண் ரோட்டில் போனால் ஓட்டை வழியாகப் புழுதி வரும், அம்மா இருமுவாள். பலகையை அளவாக அறுத்து, ரெக்சின் சுற்றி, ஸ்க்ரூ தலை தெரியாமல் உள்ளே இறக்கி — என்ன சுத்தம், என்ன அழகு என்று நானே தட்டிப் பார்த்தேன். மஞ்சள் காகிதத்தையும் பார்த்தேன். வண்டி கட்டின கம்பெனி பேராக இருக்கும் என்று நினைத்தேன்.

ஏழு வார்த்தை. ஊசி எட்டாவது படிச்சவ. தம்பி அஞ்சாவது. என் பெண்டாட்டி கூட கடைப் பலகையெல்லாம் சத்தமா வாசிச்சிட்டே வருவா. யாரையாவது கூப்பிட்டு, இதுல என்ன போட்டிருக்குன்னு கேட்டிருந்தா? கேக்கல. என்னைக்குத்தான் கேட்டேன்? பஸ் போர்டு கூடக் கேக்க மாட்டேன், கண்ணாடியை மறந்துட்டேன்னு சொல்லுவேன். அப்போ எனக்குக் கண்ணாடியே கிடையாது. கேட்டா மானம் போயிடுமாம். தம்பி கை போச்சு, அவ குடும்பம் போச்சு, இவன் மானம் பத்திரம். த்தூ.

மார்ச் 15, ஞாயிறு

மகனிடம் முழுவதையும் சொன்னேன்.

“சரிப்பா. விடுங்க. தெரியாம நடந்தது. சித்தப்பாவே போயாச்சு. இனிமே யார்கிட்ட சொல்லப் போறீங்க?”

“உன் சித்திகிட்ட.”

“அவங்க எங்க இருக்காங்களோ, எப்படி இருக்காங்களோ—”

“பக்கத்து ஊர்ல பஸ் டிப்போவுக்குப் பின்னால பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற இடத்துல இருக்கா.”

அவனுக்கு ஆச்சரியம். எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். ஆறு வருஷம் முன்னால் தம்பி போன அன்று அவள் வந்தாள். சாம்பல் நிறப் புடவை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, “முகத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன் மாமா,” என்றாள். கேட்டைச் சாத்தினவன் நான். தெருமுனையில், மருந்துக் கடை ஓரமாக, தூக்கிக்கொண்டு போகிறவரை நின்றாள். மூடின முகத்தைத்தான் பார்த்திருப்பாள்.

‘தெரியாம நடந்தது’ என்கிறான். ஓட்டையை அடைத்தது தெரியாமல். கேட்டைச் சாத்தியது?

மார்ச் 19, வியாழன்

தனியாகப் போனேன். பஸ் போர்டை நானே படித்தேன்.

மாடியில் நீள அறை. ஐந்து மெஷின், எல்லாவற்றிலும் நீலத் துணி. ஜன்னல் ஓரத்து மெஷினில் அவள். தலை முழுக்க நரை. நான் வாசலில் நின்றதும் பார்த்துவிட்டாள். மெஷினை நிறுத்தவில்லை.

சொல்ல நினைத்து வந்த வரிசையெல்லாம் குழம்பிப்போயிற்று. ஓட்டையிலிருந்து ஆரம்பித்து, பலகைக்குப் போய், மறுபடி ஓட்டைக்கு வந்தேன். கடைசியில், “நீ மூடியிருந்தேம்மா,” என்றேன்.

“எனக்குத் தெரியும் மாமா.”

“எப்படி?”

“எப்படியா? மூடினது நான்தானே. எனக்குத் தெரியாதா?” பாவாடைக் கரையைத் திருப்பிப் போட்டு ஓட்டினாள். “எனக்கு அன்னைக்கே தெரிஞ்சதை முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு எனக்கே வந்து சொல்றீங்க.”

“மன்னிச்—”

“அதெல்லாம் வேணாம். அன்னைக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டா சொன்னீங்க? வராந்தாவுல வச்சு எல்லார் காதுலயும் போட்டீங்க. எந்தெந்தக் காதுல போட்டீங்களோ, அந்தந்தக் காதுல இருந்து போய் எடுங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கேயும் வந்தது. “ஏம்மா, அவங்கல்லாம் செத்துப் போயிட்டாங்கம்மா!”

“அப்போ நீங்க லேட்டு,” என்றாள்.

பக்கத்து மெஷின்காரி துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊசி சிரிக்கவில்லை. அடுத்த பாவாடையை எடுத்தாள்.

பஸ்ஸில் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசல் வந்தபோது திட்ட ஒன்றும் மிச்சமில்லை.

மார்ச் 20, வெள்ளி

வராந்தாவில் நின்றவர்கள்.

அம்மா. அடுத்த வருஷமே போய்விட்டாள். ‘என் பிள்ளை கையைப் பொசுக்கிட்டா’ என்று கடைசி வரை சொன்னாள். நான் சொன்னதைத்தான் சொன்னாள்.

ஊசியின் அப்பா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, மகளின் பையை எடுத்துக்கொண்டார். போய்விட்டார்.

வார்டு ஆயா. ‘கத்தாதீங்க, நோயாளிங்க இருக்காங்க’ என்றவள். அப்போதே கிழவி.

என் மனைவி. ஒரே ஒரு தடவை கேட்டாள்: ‘அவ ரெண்டு தடவ பார்த்தேன்னு சொல்றாளே?’ வாயை மூடு என்றேன். மூடிக்கொண்டாள். போய் நாலு வருஷம்.

தம்பி.

அப்புறம், ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு வந்து நின்றவள். கேட்டதைக் கல்யாண வீடு, சாவு வீடு என்று ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். அவள் இருக்கிறாள். எண்பத்து நாலு வயது, காது மந்தம்.

என் அக்கா.

மார்ச் 22, ஞாயிறு

குழாய்க்காரன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பலகை வேண்டுமா என்று கேட்டான். அடுப்பில் போடு என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

மருமகளை விட்டு ஊசிக்குப் போன் போடச் சொன்னேன். “அக்கா ஒருத்தி இருக்கா. வர்றியா?” “எத்தனை மணிக்கு?” என்றாள்.

அக்கா வீடு இரண்டாவது மாடி. வரிசையாக எட்டு வாசல், ஒரே நடை. ஊசி எனக்கு முன்னாலேயே வந்து படிக்கட்டில் நின்றிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றுகொண்டாள், செருப்பைக் கழற்றவில்லை.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னேன்.

“என்னது? வாய்க்குள்ளயே முனகாதடா.”

“அக்கா, ஊசி அடுப்பை மூடிட்டுத்தான் படுத்தா.”

“எந்த அடுப்பு? சத்தமாச் சொல்லு!”

கத்தினேன். வேறு வழியில்லை. “வண்டியில தீப்பிடிச்சதே, அதுக்கு ஊசி காரணம் இல்ல! அவ மூடித்தான் படுத்தா! ஓட்டையை அடைச்சது நான்!”

எதிர் வாசல் திறந்தது. அதற்கடுத்ததும். பனியனோடு ஒரு ஆள் வந்து எட்டிப் பார்த்தான்.

“நீ எதுக்குடா அடைச்சே?”

“அடைக்கக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு! எனக்குப் படிக்கத் தெரியல!”

“படிக்கத் தெரியாதவன், அவ மேல ஏண்டா சொன்னே?”



அக்கா வாசலைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். யார் நிற்பது என்று தெரிந்ததும் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். “நான் எத்தனை வீட்ல போய்ச் சொல்லியிருக்கேன்,” என்றாள், என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. அப்புறம் கையை ஆட்டினாள். “கேட்டுச்சு. போதும்டா. தெருவே கேட்டுடுச்சு.”

ஊசி வாசலில் இருந்து அசையவில்லை.

“எனக்குக் கேக்கல மாமா,” என்றாள். “இன்னொரு தடவ சொல்லுங்க.”